கியர்பாக்ஸை வண்டியிலேயே விட்டு லாரி என்ஜினை இறக்கி ஏற்றுவது: முழுமையான வழிகாட்டி

லாரி என்ஜினை இறக்க இரண்டு வழி உண்டு. கியர்பாக்ஸோடு சேர்த்து ஒரே உருப்படியாக எடுப்பது ஒன்று. கியர்பாக்ஸைச் சேசிஸிலேயே நிறுத்திவிட்டு, பெல் ஹவுசிங்கில் (கியர்பாக்ஸை என்ஜினோடு சேர்க்கும் மணி வடிவக் கூடு) பிரித்து என்ஜினை மட்டும் முன்னால் இழுத்துத் தூக்குவது இன்னொன்று. இரண்டாவது வழியில் புரொப்பல்லர் ஷாஃப்ட், கியர் லிவர் லிங்கேஜ், பி.டி.ஓ. (கியர்பாக்ஸிலிருந்து வேறு சாதனத்துக்குச் சக்தி எடுக்கும் அமைப்பு), கியர் ஆயில் எதையும் தொட வேண்டியதில்லை. இறக்கும்போது நேரம் மிச்சமாகும். ஏற்றும்போது கவனிக்காவிட்டால் அந்த மிச்சம் வட்டியோடு போய்விடும். அரை டன் எடையை அந்தரத்தில் தொங்கவிட்டபடி, சுமார் 40 மி.மீ. தடிமனுள்ள கியர்பாக்ஸ் இன்புட் ஷாஃப்டைக் கிளட்ச் பிளேட்டின் பல்லுக்குள்ளும் பைலட் பேரிங்குக்குள்ளும் (ஷாஃப்டின் நுனியைத் தாங்கும் சிறு பேரிங்) கண்ணால் பார்க்க முடியாமலே நுழைக்க வேண்டும்.

இங்கே வரும் எல்லா அளவுக்கும் எச்சரிக்கைக்கும் பின்னால் இருப்பது ஒரே விஷயம்தான்: என்ஜினின் எடை எந்தக் கட்டத்திலும் இன்புட் ஷாஃப்டின் மேல் உட்காரக் கூடாது. உட்கார்ந்தால் கிளட்ச் பிளேட்டின் நடு ஹப் வளையும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. எல்லாம் பூட்டி முடித்து கியர் போடும்போதுதான் கரகரவென்று தெரியும்.

கியர்பாக்ஸில் ஏற்கெனவே சத்தமோ கசிவோ இருந்தால் இந்த வழி வேண்டாம், சேர்த்தே இறக்கிவிடுங்கள். முன்பக்கம் இடம் இருக்கிறதா என்பதையும் முதலிலேயே பாருங்கள். ஷாஃப்டின் நுனி கிளட்ச் கவரை விட்டு வெளியே வர என்ஜின் 20 முதல் 30 செ.மீ. வரை நேராக முன்னால் நகர வேண்டியிருக்கும். ரேடியேட்டரும் இன்டர்கூலரும் இல்லாத நிலையில் கிராங்க் புல்லிக்கும் முன் குறுக்குச் சட்டத்துக்கும் நடுவே அந்த இடம் இல்லையென்றால் சட்டத்தைக் கழற்ற வேண்டும். சட்டத்தைக் கழற்ற முடியாத வண்டியில் இந்த முறை ஒத்துவராது.

தூக்கும் சாமான்கள்

5.9 லிட்டர் அளவுள்ள ஆறு சிலிண்டர் டீசல் என்ஜின் 450 முதல் 500 கிலோ வரை இருக்கும். 10 லிட்டருக்கு மேற்பட்ட என்ஜின்கள் ஒரு டன்னை ஒட்டியோ தாண்டியோ போகும். கிரேனில் '2 டன்' என்று எழுதியிருப்பதை மட்டும் நம்பிவிடாதீர்கள். அந்த 2 டன் கை முழுவதும் உள்ளே இருக்கும்போது தாங்கும் எடை. கையைக் கடைசி ஓட்டை வரை நீட்டினால் பல மடக்குக் கிரேன்கள் அரை டன்தான் தாங்கும். லாரியின் பம்பரைத் தாண்டி எட்ட வேண்டியிருப்பதால் கை எப்போதும் நீட்டியபடிதான் இருக்கும். மேலே உத்தரம் இருக்கும் இடத்தில் செயின் பிளாக்தான் இந்த வேலைக்கு ஏற்றது. ஒவ்வொரு மில்லிமீட்டராக ஏற்றி இறக்க அதில்தான் முடியும்.

செயின் எந்தச் சாய்வில் நிற்கிறது என்பதும் முக்கியம். இரண்டு கால் செயின் தரைமட்டத்துக்கு 60 டிகிரியில் நின்றால் ஒவ்வொரு காலும் மொத்த எடையில் சுமார் 58 சதவீதம் தாங்கும். 45 டிகிரிக்கு வந்தால் 71 சதவீதம். 30 டிகிரிக்குப் படுத்துவிட்டால் ஒவ்வொரு காலும் முழு எடையையே தாங்க வேண்டும். செயின் நீளம் குறைந்தால் சாய்வு படுத்துவிடும், அதனால் நீளமான செயினையே எடுங்கள். கம்பெனி வைத்த தூக்குக் கொக்கிகளை அவற்றுக்குரிய போல்ட்டுகளோடு பயன்படுத்துங்கள். இன்டேக் மேனிஃபோல்டு போல்ட்டில் செயினை மாட்டுவது என்ஜினைக் கீழே போடுவதற்கான சுலபமான வழி.

இவை தவிர, திருகினால் சாய்வு மாறும் லோடு லெவலர் ஒன்று, கியர்பாக்ஸைத் தாங்க ஒரு ஏற்பாடு, டார்க் ரெஞ்ச், கிளட்ச் சென்டரிங் கருவி அல்லது அதே பல் கணக்குள்ள பழைய இன்புட் ஷாஃப்ட், 150 மி.மீ. நீளமுள்ள வழிகாட்டிக் கம்பிகள் இரண்டு அல்லது மூன்று வேண்டும். கம்பியை நீங்களே செய்துகொள்ளலாம். பெல் ஹவுசிங் போல்ட்டின் அதே மரையுள்ள நீள போல்ட்டில் தலையை அறுத்துவிட்டு, நுனியைக் கூம்பாக ராவி, பின்பக்கம் ஸ்க்ரூடிரைவர் உட்கார ஒரு வெட்டு போட்டால் போதும்.

கழற்றும் வரிசை

சமதளத்தில் நிறுத்தி, டயர்களுக்கு முன்னும் பின்னும் கட்டை போடுங்கள். கேபினை மின் பம்பால் சாய்க்கும் வண்டியாக இருந்தால் பேட்டரியைக் கழற்றுவதற்கு முன்பே சாய்த்து, தாங்கு கம்பியைப் பூட்டிவிடுங்கள். யூரியா டேங்க் உள்ள வண்டியில் சாவியை அணைத்ததும் பம்பு குழாயிலுள்ள யூரியாவைத் திருப்பி இழுக்கச் சில நிமிடம் எடுத்துக்கொள்ளும். அதற்குள் பேட்டரியைத் துண்டித்தால் மிச்சம் குழாயிலேயே காய்ந்து உப்பாகி அடைக்கும். பிறகு நெகட்டிவ் வயர் முதலில், பாசிட்டிவ் அடுத்து. ஏர் டேங்கைக் காலி செய்யுங்கள். காற்று போனால் ஸ்பிரிங் பிரேக் பிடித்துக்கொள்ளும் என்றாலும் டயருக்குப் போட்ட கட்டையை எடுக்க வேண்டாம்.

கூலன்ட், என்ஜின் ஆயில் இரண்டையும் வடித்துவிட்டு ரேடியேட்டர், இன்டர்கூலர், ஃபேன் கவரை வெளியே எடுங்கள். விஸ்கஸ் கிளட்ச் உள்ள ஃபேனைப் படுக்க வைக்காமல், வண்டியில் நின்ற மாதிரியே நிமிர்த்தி வையுங்கள். படுக்க வைத்தால் உள்ளேயிருக்கும் சிலிகான் திரவம் கசியும். ஏ.சி. கம்ப்ரஸரையும் பவர் ஸ்டீயரிங் பம்பையும் குழாயோடு சேர்த்தே போல்ட்டிலிருந்து விடுவித்து, சேசிஸ் ஓரமாகக் கம்பியால் கட்டுங்கள். கேஸைத் திறந்துவிடவும் வேண்டாம், ஆயிலை வடிக்கவும் வேண்டாம்.

டீசல் குழாய்களில் வரும் குழாய் எது, திரும்பும் குழாய் எது என்று குறித்துவிட்டு, கழற்றிய நொடியிலேயே சுத்தமான மூடி போடுங்கள். துணியைத் திணித்தால் அதன் நூலே இன்ஜெக்டரை அடைக்கும். டர்போவின் காற்று வாயையும் புகை வாயையும் இதே போல மூடுங்கள். புகைக்குழாய், எக்ஸாஸ்ட் பிரேக் இணைப்பு, ஆக்சிலரேட்டர் கேபிள், ஏர் கம்ப்ரஸருக்குப் போகும் காற்று மற்றும் தண்ணீர்க் குழாய்கள், ஹீட்டர் குழாய்கள் என்று ஒரு பக்கத்தில் தொடங்கி என்ஜினைச் சுற்றி வந்து முடியுங்கள். வயரிங்கில் ஒவ்வொரு சாக்கெட்டுக்கும் சீட்டு ஒட்டி, கழற்றுவதற்கு முன்னால் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஃப்ளைவீல் ஹவுசிங்கில் கிராங்க் சென்சார் இருந்தால் இப்போதே எடுத்துவிடுங்கள். என்ஜினுக்கும் சேசிஸுக்கும் நடுவே உள்ள எர்த் பட்டையை எங்கே கழற்றினீர்கள் என்பதைத் தனியாகக் குறித்து வையுங்கள். அது பிறகு தேவைப்படும்.

ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கழற்றியதும் உள்ளே எட்டிப் பார்க்க ஒரு ஜன்னல் கிடைக்கும்.

கிளட்ச் தள்ளும் வகையா, இழுக்கும் வகையா?

இதைத் தெரிந்துகொள்ளாமல் பெல் ஹவுசிங் போல்ட்டைத் தொடக் கூடாது. ஸ்லேவ் சிலிண்டரை (பெடலை மிதித்தால் கிளட்சை இயக்கும் சிலிண்டர்) கழற்றுவதற்கு முன் ஒருவரைப் பெடலை மிதிக்கச் சொல்லி, சோதனை ஓட்டை வழியாக டார்ச் அடித்துப் பாருங்கள். காற்று உதவியில் இயங்கும் கிளட்ச் என்றால் இதை டேங்கைக் காலி செய்யும் முன்பே பார்த்துவிட வேண்டும். கிளட்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங் ஃப்ளைவீல் பக்கம் நகர்ந்தால் தள்ளும் வகை. கியர்பாக்ஸ் பக்கம் வந்தால் இழுக்கும் வகை.

தள்ளும் வகையில் பேரிங் கியர்பாக்ஸோடு நின்றுவிடும், கிளட்ச் கவர் என்ஜினோடு போய்விடும். பிரச்சினை இல்லை. இழுக்கும் வகையில் பேரிங்கின் நுனி டயாஃப்ரம் விரல்களுக்குள் (கிளட்ச் கவரின் ஸ்பிரிங் நாக்குகள்) பூட்டிக்கொண்டிருக்கும், அல்லது பேரிங் கவரோடு சேர்ந்தே இருந்து, அதை நகர்த்தும் ஃபோர்க்கின் நகங்கள் அதைப் பிடித்திருக்கும். போல்ட் எல்லாவற்றையும் கழற்றியும் என்ஜின் 15 மி.மீ. வந்து அப்படியே நிற்பதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். அந்த நேரத்தில் கிரேனால் இழுத்தால் ஃபோர்க் உடையும், இல்லையென்றால் டயாஃப்ரம் விரல் வளையும். பூட்டு வளையம் உள்ள வகையில் ஜன்னல் வழியாக வளையத்தை விடுவியுங்கள். ஃபோர்க் பிடிக்கும் வகையில் லிவரைக் கழற்றி, நகங்கள் பேரிங்கைத் தாண்டும்படி ஃபோர்க்கைத் திருப்பிவிடுங்கள்.

ஸ்லேவ் சிலிண்டரைக் குழாயோடு எடுத்துக் கட்டிவிட்டு, பெடலில் 'மிதிக்காதே' என்று ஒரு அட்டை மாட்டுங்கள். வெளியே தொங்கும்போது யாராவது மிதித்தால் பிஸ்டன் தெறித்து வந்துவிடும். சிலிண்டர் ஷாஃப்டைச் சுற்றி உள்ளேயே இருக்கும் வகையில் குழாயை வெளியே துண்டித்து மூடுங்கள்.

கியர்பாக்ஸைத் தாங்குவது

பல லாரிகளில் என்ஜினின் பின் மவுன்ட் ஃப்ளைவீல் ஹவுசிங்கின் இரு பக்கத்தில் இருக்கும். அப்படியென்றால் கியர்பாக்ஸின் முன்பகுதியைத் தாங்கிக்கொண்டிருப்பதே என்ஜின்தான். என்ஜின் நகர்ந்தால் கியர்பாக்ஸ் மூக்கைக் கீழே போடும்.

தரையில் ஜாக்கி வைத்தால் கிரேனின் கால்கள் அதில் முட்டும். சேசிஸின் இரு சட்டத்துக்கும் குறுக்கே ஒரு கனமான இரும்பு போட்டு, அதிலிருந்து மரை போட்ட கம்பியால் பெல் ஹவுசிங்கைத் தொங்கவிடுவதுதான் நல்ல ஏற்பாடு. நட்டைத் திருகினால் உயரம் நுணுக்கமாக மாறும். ராட்செட் பெல்ட் வேண்டாம், நாள் கணக்கில் தொங்கும்போது அது சில மில்லிமீட்டர் தளரும்.

இனி எடையை எடுங்கள். செயின் இறுகி, மவுன்ட் ரப்பர்கள் சற்றே விரியும் அளவுக்கு ஏற்றி, மவுன்ட் போல்ட்டுகளைக் கழற்றுங்கள். பிராக்கெட்டிலிருந்து விடுபட என்ஜினை 20 மி.மீ. தூக்க வேண்டியிருந்தால் கியர்பாக்ஸையும் கூடவே அதே அளவு தூக்குங்கள். கியர்பாக்ஸின் பின் ரப்பர் அந்த அளவுக்கு இடம் கொடுக்கும். இப்போது இரு பக்கமும் சேசிஸ் சட்டத்தின் மேல் விளிம்பிலிருந்து பெல் ஹவுசிங்கின் ஒரு குறிப்பிட்ட புள்ளி வரை அளந்து, அந்த இரண்டு எண்ணையும் சட்டத்திலேயே சாக்பீஸால் எழுதுங்கள். என்ஜின் திரும்பி வரும்வரை இந்த உயரம் மாறக் கூடாது.

பிரிப்பது

பெரிய லாரிகளில் பொதுவான எஸ்.ஏ.இ. தர அளவு 1, 2, 3 எண் ஹவுசிங்குகளில் சுற்றிலும் 12 போல்ட் இருக்கும். மேலே உள்ள இரண்டுக்கு நீளமான எக்ஸ்டென்ஷனும் வளையும் ஜாயின்ட்டும் தேவைப்படும். கேபின் சாய்ந்திருந்தால் மேலிருந்தே எட்டலாம். போல்ட் நீளங்கள் ஒரே மாதிரி இருக்காது. அட்டையில் வட்டம் வரைந்து, அந்தந்த இடத்தில் குத்தி வையுங்கள். மணி 3, மணி 9 இடத்திலுள்ள இரண்டு போல்ட்டைக் கடைசிக்கு விடுங்கள். காலியான ஓட்டைகளில் வழிகாட்டிக் கம்பிகளை எதிரெதிராகத் திருகிவிட்டு அந்த இரண்டு போல்ட்டையும் எடுங்கள்.

இடைவெளி 3 மி.மீ. திறந்ததும் நிறுத்தி, மேல், கீழ், இடம், வலம் நான்கிலும் அளங்கள். மேலே அதிகம் திறந்தால் என்ஜினின் முன்பக்கம் தொங்குகிறது என்று பொருள், லெவலரைத் திருகிச் சமன் செய்யுங்கள். முகங்களுக்கு நடுவே ஸ்க்ரூடிரைவரைக் கொடுத்து நெம்பினால் அலுமினிய முகத்தில் பள்ளம் விழும், அந்தப் பள்ளமே நாளைக்குச் சாய்வாகும். பிரிக்கும் மரை ஓட்டை இருந்தால் அதில் போல்ட்டைத் திருகித் தள்ளுங்கள். ஒவ்வொரு 20 மி.மீ.க்கும் நான்கு பக்கமும் அளந்தபடி முன்னால் இழுங்கள். ஷாஃப்ட் நுனி கவரை விட்டு முழுக்க வெளியே வந்ததைக் கண்ணால் பார்த்தபிறகே மேலே தூக்குங்கள். தொங்கும் என்ஜினுக்குக் கீழே கை, கால் எதுவும் போகக் கூடாது.

வெளியே வந்ததும் பெல் ஹவுசிங் முகத்தில் டிஜிட்டல் கோணமானியை வைத்துச் சாய்வை எழுதிக்கொள்ளுங்கள். 3 டிகிரி என்றால் என்ஜின் ஏறும்போது ஃப்ளைவீல் ஹவுசிங் முகமும் அதே 3 டிகிரியில் வர வேண்டும். ஐந்து நிமிட வேலைதான், ஏற்றும்போது மணிக்கணக்கில் தள்ளாடுவதைத் தவிர்க்கும்.

இடைவேளையில் பார்க்க வேண்டியவை

என்ஜின் எதற்காக இறங்கியிருந்தாலும் பைலட் பேரிங், ரிலீஸ் பேரிங், கிராங்கின் பின் ஆயில் சீல், கியர்பாக்ஸின் முன் சீல் நான்கையும் இப்போதே மாற்றிவிடுங்கள். கிளட்ச் பகுதியில் ஏற்கெனவே ஆயில் இருந்தால் முகர்ந்து பாருங்கள். கறுத்த, டீசல் வாடை அடிக்கும் ஆயில் கிராங்க் சீலிலிருந்து வந்தது. கந்தக வாடையுள்ள கெட்டியான ஆயில் பெரும்பாலும் கியர்பாக்ஸிலிருந்து வந்தது.

டயல் கேஜ் இருந்தால் ஃப்ளைவீல் ஹவுசிங்கின் முகத்தையும் உள்வட்டத்தையும் அளந்துவிடுங்கள். கனரக லாரிகளில் இரண்டுக்கும் 0.2 மி.மீ. ஓட்டம் (ஒரு சுற்றில் கேஜ் முள் காட்டும் மொத்த ஏற்ற இறக்கம்) வரை பொறுக்கலாம் என்பது வழக்கமான எல்லை. பைலட் பேரிங் உட்காரும் குழிக்கு 0.13 மி.மீ. இதற்கு மேல் போனால் கியர் நழுவும், பேரிங் சீக்கிரம் போகும். பல நேரம் குற்றவாளி முகத்தில் ஒட்டியிருக்கும் துருவும் பெயின்டும்தான். சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி அளங்கள்.

கிளட்ச் பிளேட்டில் எந்தப் பக்கம் ஃப்ளைவீலைப் பார்க்க வேண்டும் என்று எழுதியிருக்கும். திருப்பிப் போட்டால் ஸ்பிரிங் கூடு ஃப்ளைவீல் போல்ட்டுகளில் உரசும், கிளட்ச் விடவே விடாது. சென்டரிங் கருவியை விட்டு, கவர் போல்ட்டுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். முழுக்க இறுக்கியபின் கருவி கையால் வழுக்கிக்கொண்டு வெளியே வர வேண்டும். இடித்து இழுக்க வேண்டியிருந்தால் பிளேட் நடுவில் இல்லை, கவரைத் தளர்த்தி மறுபடி செய்யுங்கள். இன்புட் ஷாஃப்டின் பல்லில் கிரீஸை விரலால் மெல்லிசாகத் தடவி, பிளேட்டை ஒருமுறை கையால் ஓட்டிப் பார்த்து, வழிந்ததைத் துடைத்துவிடுங்கள். மிஞ்சிய கிரீஸ் சுழற்சியில் தெறித்து லைனிங்கில் போய்ச் சேரும்.

ஏற்றுவது

கியர்பாக்ஸின் உயரம் சட்டத்தில் எழுதிய எண்ணோடு ஒத்துப்போகிறதா என்று மறுபடி அளங்கள். லெவலரில் என்ஜினின் சாய்வைக் கொண்டுவாருங்கள். வழிகாட்டிக் கம்பிகள் ஃப்ளைவீல் ஹவுசிங்கில் இருக்கட்டும்.

புரொப்பல்லர் ஷாஃப்ட் மாட்டியபடியே இருப்பதில் ஒரு வசதி உண்டு. கட்டை போட்டு நிற்கும் வண்டியில் கியர் லிவரை டாப் கியரில் போட்டால் இன்புட் ஷாஃப்ட் அசையாது. பல் பொருந்தாவிட்டால் கிராங்க் புல்லி போல்ட்டில் ஸ்பேனர் போட்டு என்ஜினை மெதுவாகத் திருப்புங்கள். கவர் அழுத்திப் பிடித்திருப்பதால் பிளேட்டும் கூடவே திரும்பும். 10 பல் உள்ள ஷாஃப்டில் ஒரு பல்லுக்கு 36 டிகிரி, அதனால் அதிகபட்சம் பத்தில் ஒரு சுற்றுக்குள் பல் விழுந்தே ஆக வேண்டும். கால் சுற்று திருப்பியும் விழவில்லையென்றால் பல்லைக் குறை சொல்ல வேண்டாம். உயரமோ சாய்வோ தப்பு.

கம்பிகள் பெல் ஹவுசிங் ஓட்டைகளுக்குள் நுழைந்ததும் ஒருவர் கிரேனையும் ஒருவர் ஜன்னல் வழியாக ஷாஃப்டையும் பார்க்க வேண்டும். பல் விழுந்த பிறகு என்ஜினைக் கையால் லேசாக ஆட்டித் தள்ளினாலே அது பின்னால் போகும். கடைசி 10 முதல் 20 மி.மீ.யில் இன்னொரு நிறுத்தம் வரும், அங்கேதான் ஷாஃப்டின் நுனி பைலட் பேரிங்கைச் சந்திக்கிறது. நான்கு பக்க இடைவெளியையும் அளந்து சமன் செய்து மறுபடி ஆட்டுங்கள்.

இந்த இடத்தில்தான் கை துறுதுறுக்கும். '10 மி.மீ. தானே, இரண்டு நீள போல்ட்டைப் போட்டு இழுத்துவிடலாம்' என்று தோன்றும். செய்யாதீர்கள். அப்படி இழுத்தால் பைலட் பேரிங் நசுங்கும், பிளேட் ஹப் வளையும், அல்லது பெல் ஹவுசிங்கின் காது உடையும். முகம் இரண்டும் கையின் பலத்திலேயே முட்ட வேண்டும். முட்டாவிட்டால் 50 மி.மீ. பின்வாங்கி, காரணத்தைத் தேடுங்கள். நடுவே வயர் சிக்கியிருக்கலாம், இரு முகங்களையும் நேராகப் பொருத்தும் டவல் பின் வளைந்திருக்கலாம், ஃபோர்க் இடம் மாறியிருக்கலாம்.

முட்டியதும் எல்லாப் போல்ட்டையும் கையால் போட்டுவிட்டு, எதிரெதிராக மூன்று சுற்றில் இறுக்குங்கள். வண்டியின் கையேட்டில் உள்ள டார்க்கே இறுதி. ஒப்பிட்டுப் பார்க்க, 8.8 தர எம்10 போல்ட்டுக்குச் சுமார் 45 முதல் 50 நியூட்டன் மீட்டர், எம்12க்கு 80 முதல் 85. இவை இறுகிய பிறகே என்ஜினை மவுன்ட்டில் இறக்கி மவுன்ட் போல்ட்டுகளை இறுக்க வேண்டும். வரிசையை மாற்றினால் ரப்பர் முறுக்கியபடியே உட்கார்ந்து ஐடிலில் கேபின் அதிரும். இழுக்கும் வகைக் கிளட்சில் பேரிங்கை 'டக்' என்று பூட்டும்வரை தள்ளி, திருப்பி இழுத்துப் பூட்டிவிட்டதா என்று உறுதி செய்யுங்கள்.

இணைப்பும் முதல் ஸ்டார்ட்டும்

மற்றதெல்லாம் கழற்றியதற்கு எதிர் வரிசை. எர்த் பட்டையை மட்டும் சாவியைத் தொடும் முன் மாட்டிவிட்டதாகக் கையால் தொட்டுப் பாருங்கள். அது இல்லாமல் ஸ்டார்ட் செய்தால் ஸ்டார்ட்டரின் நூற்றுக்கணக்கான ஆம்பியர் கரன்ட் ஆக்சிலரேட்டர் கேபிள் வழியாகவோ பேரிங்குகள் வழியாகவோ பாதை தேடும். கேபிள் புகைந்து கருகிய பிறகே விஷயம் புரியும்.

கிளட்சில் காற்று எடுத்து அட்ஜஸ்ட் செய்யுங்கள். கிளட்ச் பிரேக் உள்ள பழைய கனரக வண்டிகளில் பேரிங்குக்கும் கிளட்ச் பிரேக்குக்கும் நடுவே சுமார் 12.5 மி.மீ., ஃபோர்க்குக்கும் பேரிங்குக்கும் நடுவே சுமார் 3 மி.மீ. இருக்க வேண்டும். கூலன்டை ஏர் திருகுகளைத் திறந்து, ஹீட்டரைத் திறந்த நிலையில் மெதுவாக ஊற்றுங்கள். டீசல் கைப்பம்பைக் கெட்டியாகும்வரை அமுக்குங்கள்.

எரிபொருளை நிறுத்திவைத்து, ஆயில் பிரஷர் ஏறும்வரை ஸ்டார்ட்டரால் மட்டும் சுற்றுங்கள். ஒரு தடவைக்கு 30 விநாடிக்கு மேல் வேண்டாம், நடுவே 2 நிமிடம் ஆறவிடுங்கள். ஸ்டார்ட் ஆனதும் 15 விநாடிக்குள் பிரஷர் காட்டாவிட்டால் அணைத்துவிடுங்கள். சில நிமிடம் ஐடிலிலேயே ஓடட்டும், டர்போவின் பேரிங்குக்கு ஆயில் போய்ச் சேர வேண்டும்.

சூடேறியதும் பெடலை முழுக்க மிதித்து, சில விநாடி காத்திருந்து ரிவர்ஸ் போட்டுப் பாருங்கள். கரகரத்தால் முதலில் கிளட்சில் காற்று மிச்சமிருக்கிறதா, அட்ஜஸ்ட் சரியா என்று பாருங்கள். அதெல்லாம் சரியாக இருந்தும் கரகரத்தால் பிளேட் திரும்பியிருக்கிறது, ஹப் வளைந்திருக்கிறது, அல்லது பைலட் பேரிங் பிடித்துக்கொண்டு ஷாஃப்டையும் சேர்த்துச் சுற்றுகிறது. நியூட்ரலில் பெடலை மிதிக்கும்போது மட்டும் சத்தம் வந்தால் ரிலீஸ் பேரிங். கியரில் பெடல் மிதித்து நிற்கும்போது கீச்சென்றால் பைலட் பேரிங். ஓடும்போது லோடு விட்டதும் கியர் நியூட்ரலுக்குத் தாவினால் பெல் ஹவுசிங் முகத்தில் அழுக்கோ சிக்கிய வாஷரோ இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், கியர்பாக்ஸைத் திறப்பது அதற்குப் பிறகுதான்.

சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் மவுன்ட், புகைக்குழாய், இன்டர்கூலர் கிளாம்புகளை மறுபடி இறுக்கி, பெல் ஹவுசிங்கின் அடி ஓட்டையில் ஆயில் சொட்டுகிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள்.